இலை நிறமாற்றம்

இலை நிறமாற்றம் என்பது, உதிர்வதற்கு முன் இலைகள் தம் பச்சை நிறத்தை இழந்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு முதலிய நிறங்களைப் பெறும் நிகழ்வு ஆகும். வட அமெரிக்கா, ஐரோப்பா, சப்பான் முதலிய இடங்களில் இது செப்டம்பர் முதல் நவம்பர் வரை காடு முழுவதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்வதால் பெரிதும் அறியப்பட்டுள்ளது. எனினும் இது குளிர்நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. கல்பாக்கம், மாமல்லபுரம் கடற்கரைப் பகுதிகளில் வளரும் நாட்டு வாதுமை மரத்தின் அகன்ற இலைகள் உதிரும் முன் நன்கு சிவப்பதைக் காணலாம். இம்மரம் மருது, கடுக்காய், தான்றி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது.

காலமும் காரணமும்

ஆங்கிலப் பாடநூல்களைத் தழுவி எழுதப்படும் தமிழ் நூல்களில் செப்டம்பர்-நவம்பர் காலம் 'இலையுதிர் காலம்' எனக் குறிக்கப்படுகின்றது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரைக்கு இது பொருந்தாது. அங்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்கின்றது. மரங்கள் அப்போது செழித்திருக்கும். வேம்பு முதலியவை இலையுதிர்ப்பது மழை ஓய்ந்து நிலம் காயும் மாசி, பங்குனி மாதங்களில், அதாவது பின்பனிக் காலத்தில் ஆகும்.

குளிர்நாடுகளில் பகற்பொழுது சுருங்குவதே மரத்துக்குக் கிடைக்கும் முதல் அறிகுறி. பாஸ்டன் நகரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் 6 மணி நேரம். கல்பாக்கத்தில் அது ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவு. இங்கு மண்ணின் ஈரம் குறைவதும் இலையின் முதுமையுமே முதன்மைக் காரணங்கள். ஆதலால் மரத்துக்கு மரம் காலம் மாறுபடுகின்றது. நாட்டு வாதுமை சில இடங்களில் ஆண்டுக்கு இருமுறை இலையுதிர்க்கின்றது. தூண்டுகோல் வேறாயினும் இலைக்குள் நடப்பது ஒன்றே.

பச்சையம் சிதைதல்

இலையில் உள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைக்கான புரதங்களில் உள்ளது. இலையைக் கைவிடும் முன் மரம் இப்புரதங்களைச் சிதைத்து, நைட்ரஜனைத் தண்டுக்கு மீட்டுக்கொள்கின்றது. பொதுவாகப் பாதியளவு மீட்கப்படுகின்றது. ஆனால் புரதத்தை விட்டுப் பிரிந்த பச்சையம் ஆபத்தானது. அது தொடர்ந்து ஒளியை உறிஞ்சி, செல்லைத் தாக்கும் வீரியமிக்க ஆக்சிசனை உண்டாக்கும். எனவே நொதிகள் முதலில் அதன் நடுவிலுள்ள மக்னீசிய அணுவை நீக்கி, பின் அதன் வளையத்தை உடைத்து நிறமற்ற பொருளாக்குகின்றன. பச்சையத்திலேயே உள்ள 4 நைட்ரஜன் அணுக்கள் மீட்கப்படுவதில்லை. அவை அந்த எச்சத்தோடு செல்லின் குமிழ்ப்பையில் தங்கி, இலையுடன் மண்ணில் விழுகின்றன. எச்சம் நிறமற்றது என்பதால் பச்சையம் எங்கே போயிற்று என்பதே நெடுங்காலம் புதிராக இருந்தது. அதன் அமைப்பு 1991இல்தான், வாற்கோதுமை இலையிலிருந்து, கண்டறியப்பட்டது.

மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் மஞ்சள் விதை, பச்சை விதை என்ற வேறுபாடும் இதனைச் சார்ந்ததே. அதற்குரிய மரபணு 2007இல் அடையாளம் காணப்பட்டது. அது பழுதடைந்த செடிகளின் இலைகள் முதிர்ந்தும் பச்சையாகவே நிற்கும். மக்னீசியத்தை நீக்குவது இவ்வகை மரபணு தரும் நொதியே என்பது 2016இல் தெளிவாயிற்று.

மஞ்சளும் சிவப்பும்

மஞ்சள் நிறம் புதிதாகத் தோன்றுவதன்று. கரோட்டினாய்டு நிறமிகள் இளம் பருவம் முதலே இலையில் உள்ளன. பச்சையம் அவற்றை மறைத்திருந்தது. பழுத்த வேப்பிலை இதற்கு எடுத்துக்காட்டு.

சிவப்பு அவ்வாறன்று. அந்தோசயனின் என்னும் அந்நிறமி, உதிரப்போகும் இலையில் சர்க்கரையைச் செலவிட்டுப் புதிதாக ஆக்கப்படுகின்றது. கைவிடப்போகும் இலைக்கு மரம் ஏன் செலவு செய்ய வேண்டும்? இரு கருத்துகள் உள்ளன. முதலாவது, நைட்ரஜனை மீட்டு முடிக்கும் வரை மிகையான வெயிலிலிருந்து இலையைக் காக்கும் திரை அது என்பது. பல மரங்களில் வெயில் படும் பகுதி சிவந்து, மறைந்த பகுதி மஞ்சளாகவே இருப்பது இதற்கு இசைவாக உள்ளது. இரண்டாவது, ஹாமில்டனும் பிரவுனும் 2001இல் முன்வைத்தது: பளிச்சிடும் நிறம் அசுவுணி போன்ற பூச்சிகளுக்கு மரம் விடுக்கும் எச்சரிக்கை என்பது. அசுவுணிகளின் கண்ணுக்குச் சிவப்பைச் சரியாக உணரும் திறன் இல்லை என்பதால் இக்கருத்து விவாதத்திற்கு உள்ளாயிற்று. முதற்கருத்துக்கே சான்றுகள் கூடுதல் எனலாம். எனினும் எல்லா மரங்களுக்கும் ஒரே விடை பொருந்த வேண்டியதில்லை.

தளிர்களின் சிவப்பு

மா, வேம்பு, அரசு ஆகியவற்றின் தளிர்கள் செம்பு நிறமாக இருப்பதும் அந்தோசயனினாலேயே. இவற்றில் பச்சையம் இன்னும் நிரம்பவில்லை. முதிர்ந்த இலையில் உதிருமுன் நிகழ்வது தளிரில் எதிர்த்திசையில் நிகழ்கின்றது. பச்சையம் பெருகப் பெருகச் சிவப்பு மறைந்துவிடும்.