மதிப்பெண் குறைந்தவர்கள் நர்சிங் படிக்க முடியுமா?



ஒவ்வொரு ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானபின் எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. "எங்கள் சபையில் ஒரு பிள்ளை இருக்கிறாள். நர்சாக வேண்டும் என்று மிகுந்த வாஞ்சை. ஆனால் மார்க் குறைந்துவிட்டது. வழி உண்டா?" இப்படிக் கேட்கிற அனைவருக்கும் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறோம்.

வழி உண்டு. அதே சமயத்தில், தவறான வழி ஒன்றும் உண்டு. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளின் வீட்டு வாசலைத்தான் அது முதலில் வந்து தட்டுகிறது. ஆகவே இரண்டையும் விளக்கமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மூன்று வாசல்கள்

நம் நாட்டில் நர்சிங் படிப்புக்கான குறைந்தபட்சத் தகுதியை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்ட அமைப்பு அது.

முதலாவது, நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். இதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 45 சதவீதம் வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 40 சதவீதம் போதும். ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும். அதாவது மூன்று பாடங்களின் 300 மதிப்பெண்ணில் 135 அல்லது 120.

இரண்டாவது, மூன்று ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோ. அறிவியல் பிரிவு எடுத்தவர்கள் மட்டுமல்ல, கலைப்பிரிவில் படித்தவர்களும் சேரலாம். மொத்தத்தில் 40 சதவீதமும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும்.

மூன்றாவது, இரண்டு ஆண்டு ஏ.என்.எம். பிளஸ் டூ தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். கிராமங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனித்து, தடுப்பூசி போட்டு வருகிற கிராம சுகாதார செவிலியரின் பணிக்கு அடிப்படையான படிப்பு இது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூவுக்கு மொத்தம் 600 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. எல்லாப் பாடத்திலும் சரியாக 35 எடுத்த பிள்ளைக்கு 210 வரும். ஜி.என்.எம். படிப்புக்கு வேண்டியது 240. முப்பது மதிப்பெண் குறைவதால் அந்த வாசல் அவளுக்கு அடைபடுகிறது. ஆனால் ஏ.என்.எம். வாசல் திறந்தே இருக்கிறது. அதை முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவர்கள் பின்னர் ஜி.என்.எம். சேரத் தகுதி பெறுகிறார்கள். ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர்கள் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரிகளாகலாம். காலம் கூடுதலாகும் என்பது உண்மை. ஆயினும் படிக்கட்டு நடுவில் அறுந்துபோவதில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். மேலே சொன்னவை விண்ணப்பிக்கும் தகுதி மாத்திரமே. இடங்கள் குறைவாகவும் விண்ணப்பங்கள் மிகுதியாகவும் உள்ள அரசுக் கல்லூரிகளில் மதிப்பெண் வரிசைப்படியே இடம் கிடைக்கும். ஆகவே ஒரே இடத்தை நம்பியிராமல் பல இடங்களுக்கு விண்ணப்பிப்பது நல்லது. மேலும், 2023இல் தேசிய அளவில் நர்சிங் கல்விக்கெனப் புதிய சட்டம் நிறைவேற்றப்பட்டிருப்பதால், சேருகிற ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பட்டம் பெற்றவர்களின் நிலை

பி.ஏ. அல்லது பி.எஸ்சி. படித்துக் குறைந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்து, வேலையின்றி வீட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தப் பட்டத்தின் மதிப்பெண் இவர்களுடைய தகுதியைக் குறைப்பதில்லை. நர்சிங் படிப்புக்குப் பார்க்கப்படுவது பிளஸ் டூ மதிப்பெண்தான். ஜி.என்.எம். படிப்பில் 35 வயது வரை சேரலாம். "கல்லூரியில் சரியாகப் படிக்கவில்லை, இனி என்ன இருக்கிறது?" என்று சோர்ந்துபோன பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். ஆனால் பட்டம் இருப்பதனால் ஆண்டுகள் குறைக்கப்படுவதில்லை. முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

தவறான வழி

"மார்க் பார்க்க மாட்டோம், ஆறே மாதம், உடனே வேலை" என்று சுவரொட்டி ஒட்டும் பயிற்சி நிலையங்களைப் பல ஊர்களில் காணலாம். வெள்ளைச் சீருடை, அடையாள அட்டை, பட்டமளிப்பு விழா எல்லாம் இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட குறுகிய காலச் சான்றிதழை வைத்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்சு அல்ல. அரசுப் பணியில் நர்சாகச் சேர முடியாது. வெளிநாடு செல்ல முடியாது. மேற்படிப்புக்கும் அந்தச் சான்றிதழ் உதவாது.

தாயின் தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்கள், இரண்டு ஆண்டுகள் கழித்து இதை அறிந்து எங்களிடம் வந்து அழுததை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்களில் சிலர் ஏ.என்.எம். படிப்புக்குத் தகுதி உள்ளவர்களாகவே இருந்தார்கள். எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமற்போயிற்று.

ஆகவே பணம் கட்டுமுன் மூன்று காரியங்களைக் கேளுங்கள். இந்தப் படிப்பின் முழுப் பெயர் என்ன? இந்த நிலையத்திற்கு இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் ஆகியவற்றின் அங்கீகாரம் உண்டா? படிப்பு முடிந்ததும் பதிவு எண் கிடைக்குமா? நேரான பதில் வராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பட்டியலை இந்திய நர்சிங் கவுன்சில் வெளியிடுகிறது.

சேர்ந்தபின் வரும் சோதனை

இடம் கிடைத்துவிட்டால் போராட்டம் முடிந்தது என்று எண்ணக்கூடாது. பள்ளியில் 35 எடுத்தால் தேர்ச்சி. நர்சிங்கில் எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியே 50 சதவீதம் எடுக்க வேண்டும். பாடங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. ஆகவே பின்தங்கிய பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே தடுமாறுகிறார்கள்.

இந்தக் கண்டிப்பு ஏன் என்று சிலர் கேட்கலாம். நோயாளியின் உயிர் அதில் இருக்கிறது. 500 மில்லி குளுக்கோஸை நான்கு மணி நேரத்தில் ஏற்றும்படி டாக்டர் எழுதுகிறார். குழாயில் 20 சொட்டுக்கு ஒரு மில்லி. நிமிடத்திற்கு எத்தனை சொட்டு விட வேண்டும்? 500ஐ 20ஆல் பெருக்கி, 240 நிமிடத்தால் வகுத்தால் ஏறக்குறைய 42 வரும். இதை வார்டிலே நின்றுகொண்டு தப்பில்லாமல் கணக்கிட வேண்டும். இன்சுலின் மருந்தில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40க்கான சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை அதே கோடு வரை எடுத்துவிட்டால், இரண்டரை மடங்கு மருந்து உடலில் ஏறிவிடும். மார்க் குறைந்த பிள்ளை என்பதற்காக இங்கே சலுகை காட்ட முடியாது.

ஆனால் இந்தக் கணக்குகள் எட்டாம் வகுப்புக் கணக்குகளே. தினமும் ஒரு மணி நேரம் யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் சில மாதங்களில் வந்துவிடும். பொறுமை, சுத்தம், இரவு இரண்டு மணிக்கும் முகம் சுளிக்காமல் எழுந்து போகும் மனம் ஆகியவற்றை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டுவதில்லை. வார்டுப் பயிற்சியில் நூறு சதவீத வருகை இருந்தால்தான் சான்றிதழ் என்ற விதியே இதற்குச் சாட்சி. விடுபட்ட நாட்களைத் திரும்பச் செய்து முடித்தே ஆக வேண்டும்.

வேலூரில் 1909ஆம் ஆண்டு தாதியர் பயிற்சி தொடங்கியபோது, நம் நாட்டுப் பெண்களில் பள்ளிக்குச் சென்றவர்களே மிகச் சிலர். அதே வேலூரில் 1946இல் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. வருகிற பிள்ளைக்குத் தெரியாததை உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கும் பொறுமை இல்லாமல் இவ்வளர்ச்சி வந்திருக்காது.

ஆகவே பங்காளர்களே, உங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், முதலாவது அவளுடைய மதிப்பெண் பட்டியலை வாங்கி, இந்த மூன்று வாசல்களில் எது திறந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கீகாரத்தை அவளுக்காக நீங்களே விசாரியுங்கள். வகுப்புகள் தொடங்கும்வரை உள்ள மாதங்களில், சபையிலுள்ள ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரைக்கொண்டு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். இவற்றுக்குப் பெரும் செலவு எதுவும் இல்லை.