நிறுத்தும் கம்பி

மின்விளக்குக்குச் செல்லும் கம்பி அறுந்தால் விளக்கு அணைந்துவிடும் என்ற அனுபவத்தை நம்பிச் சிறிய பெட்ரோல் எஞ்சினைப் பழுதுபார்க்கப் புகுவோர் முதல் அடியிலேயே வழி தவறுகின்றனர். நீரிறைக்கும் பம்பிலும், ஜெனரேட்டரிலும், புல்வெட்டும் யந்திரத்திலும் பெரும்பாலும் தீப்பொறியைத் தருவது பாட்டரி அன்று. 1902-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாஷ் தொழிற்சாலையில் காட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய உயரழுத்த மாக்னெட்டோவின் வழிவந்த சாதனமே. பிளைவீலில் பதிந்த காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் காயிலைக் கடக்கும்போது மின்சாரம் அங்கேயே பிறந்துவிடுவதால், அதை வெளியிலிருந்து துண்டிக்க வழியில்லை. காயிலிலிருந்து வரும் மெல்லிய கம்பியை எஞ்சினின் உடலோடு சேர்த்து, பொறி எழாமல் செய்யவே முடியும். நிறுத்தும் சுவிட்சும், எண்ணெய் குறைந்தால் மிதவை தாழ்ந்து பொறியைத் தடுக்கும் ஆயில் சென்சாரும் அந்த ஒரே கம்பியையே நாடுகின்றன.

ஆகவே இங்கே பழுதின் குணமும் தலைகீழாகிறது. கம்பியின் மேலுறை தேய்ந்து தகரத்தில் உரசினால் எஞ்சின் கிளம்பவே மறுக்கும்; கம்பி அறுந்தாலோ எவ்விதக் குறையும் காட்டாமல் ஓடும், நிறுத்த முயலும்போது நில்லாது. முன்னது உடனே தன்னை அறிவித்துவிடும். பின்னது ஆபத்து நேரும்வரை மறைந்திருக்கும் என்பதால், அதுவே அதிகம் அஞ்சத்தக்கது என்பது என் அபிப்பிராயம்.

பொறி வராத எஞ்சினைச் சமதளத்தில் நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்ப்பதே முதற் காரியம். சாய்ந்து நின்றாலே சென்சார் தடுத்துவிடும். பிறகு நிறுத்தும் கம்பியைக் காயிலிலிருந்து கழற்றி, வேறொரு ஸ்பார்க் பிளக்கைக் காயிலோடு இணைத்து எஞ்சின் உடலில் பொருத்தி, பெட்ரோல் ஆவி வெளிவரும் துவாரத்துக்கு அப்பால் வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். அப்போதும் பொறி இல்லையெனில் சந்தேகம் காயிலின் மேல். பொறி வந்தால் காயில் நிரபராதி. கம்பியை மீண்டும் மாட்டி, சென்சாரை மட்டும் கழற்றினால் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் மல்டிமீட்டரைச் சென்சாரின் முனையிலும் எஞ்சின் உடலிலும் வைக்கலாம்: எண்ணெய் நிறைந்திருக்கையில் அங்கே தொடர்பு காட்டலாகாது. வராவிட்டால் சுவிட்சையும், கம்பி மடங்கி உரசும் ஒவ்வோர் இடத்தையும் ஆராய்வதே முறை.

சென்சாரைக் கழற்றியதும் எஞ்சின் ஓடக்கண்டு, அப்படியே விட்டுவிடும் வழக்கம் மிகக் கொடிது. நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுழலும் ஜெனரேட்டர் எஞ்சினில், கனெக்டிங் ராடின் அடியிலுள்ள சிறு துடுப்பு எண்ணெயை வாரித் தெளித்தே பாகங்களை நனைக்கிறது. துடுப்புக்கு எட்டாமல் எண்ணெய் தாழ்ந்தால் ராடு இறுகி முறிய அதிக நேரம் ஆகாது. பழுது நீங்கியபின் எஞ்சினை ஓடவிட்டு, முதலில் சுவிட்சினாலும், பிறகு சென்சாரின் கம்பி நுனியை உறையிட்ட இடுக்கியால் பிடித்து உடலில் தொட்டும், இரண்டு வழிகளிலும் அது நிற்கிறதா என்று பரிசோதித்த பிறகே உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும்.