செவ்வாயில் சிலந்திகள் இருப்பது தெரியுமா?

செவ்வாய் கிரகத்தின் தென் துருவப் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? கறுத்த சிலந்திகள் கூட்டம் கூட்டமாகக் காலை விரித்துக் கிடக்கும்! சில சிலந்திகளின் அகலம் ஒரு கிலோமீட்டர்!

உயிருள்ளவை அல்ல. ஆனால் உண்மைக் கதை அதைவிட விசித்திரம். அங்கே குளிர்காலத்தில் காற்றிலுள்ள கரியமில வாயுவே உறைந்து தரைமேல் பாளமாகப் படிந்துவிடுகிறது. வசந்தம் வந்ததும் சூரிய ஒளி அந்தப் பாளத்தை ஊடுருவிப்போய் அடியிலுள்ள மண்ணைச் சூடாக்குகிறது. ஆகவே பனி அடியிலிருந்து கரைகிறது. அதுவும் திரவமாகாமல் நேரே வாயுவாகிறது! வெளியேற வழியில்லாத வாயு, வெயிட் போட்ட குக்கரில் ஆவி சேர்வதுபோல் சேர்ந்துகொண்டே போய், ஒரு விரிசல் கிடைத்ததும் பீறிட்டுக் கிளம்புகிறது. அந்த ஓட்டையை நோக்கி நாலாபுறமிருந்தும் பாயும் வாயு மண்ணை அரித்த தடங்கள்தான் சிலந்தியின் கால்கள். கூடவே வெளியே வரும் தூசியைக் காற்று அள்ளிப்போய்ப் பனிமேல் கறுப்பு விசிறிகளாகப் பரப்பிவிடுகிறது. விஞ்ஞானி ஹியூ கீஃபரும் சகாக்களும் 2006இல் முன்வைத்த விளக்கம் இது. பூமியில் இயற்கையாக இப்படி எங்குமே நடப்பதில்லை என்பதால், அதை ஊகித்ததே பெரிய சாதனை என்பேன். 2024இல் நாசா ஆய்வாளர்கள் குளிரூட்டிய கலத்துக்குள் செயற்கைச் செவ்வாய் மண்ணை வைத்து, இத்தகைய வடிவங்களை உண்டாக்கியே காட்டிவிட்டார்கள்!

அதே தென் துருவத்துக்கு அருகே ஒரு 'இன்கா நகரம்' இருப்பது தெரியுமா? 1972இல் மாரினர் 9 விண்கலம் எடுத்த படங்களில், இடிந்த கோட்டை மதில்கள்போல் கட்டம் கட்டமான மேடுகள் தெரிந்தன. முப்பது ஆண்டு கழித்து, இன்னும் விரிவான படங்களில் பார்த்தால், அவை சுமார் 86 கிலோமீட்டர் அகலமுள்ள வட்டம் ஒன்றின் பகுதி! விண்கல் மோதிய பழைய பள்ளமாக இருக்கலாம்; நிலத்தின் விரிசல்களில் எரிமலைக் குழம்பு ஏறி இறுகி அந்த மேடுகள் உருவாகியிருக்கலாம் என்கிறார்கள். நம் சிலந்திகள் அங்கேயும் உண்டு!

செவ்வாயில் 1976இல் வைக்கிங் 1 விண்கலம் படமெடுத்த 'மனித முகம்' எல்லோருக்கும் தெரிந்த கதை. தாழ்ந்த வெயிலின் நிழல் விளையாட்டு. 2001இல் கூர்மையாகப் படமெடுத்தபோது அது வெறும் குன்று. செவ்வாயின் சமவெளிகளில் கண்டபடி இழுத்த கறுப்புக் கோடுகள் யார் கிறுக்கியவை தெரியுமா? சுழல்காற்று! மேலே படிந்த வெளிறிய தூசியை அது வாரிக்கொண்டு போக, அடியிலுள்ள கருமண் வெளிப்படுகிறது. சில படங்களில் தெரியும் பளீரென்ற நீல மணற்குன்றுகளோ, வேறுபாடு தெரிவதற்காகக் கணினியில் கூட்டிய நிறம்.

இன்னொன்று, நீங்களே செய்து பார்க்கலாம்! சில படங்களில் பள்ளங்களெல்லாம் கொப்புளங்களாகப் புடைத்துத் தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை எடுத்துக்கொள்வதே காரணம். படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள், மேடு சட்டென்று குழியாகிவிடும்! அதனால் அடுத்த முறை ஒரு விசித்திரப் படம் கிடைத்தால், சூரியன் எந்தப் பக்கம், அங்கே என்ன பருவம், நிறம் அசலா என்று முதலில் தேடிப் பாருங்கள்.