வரப்பில் புதைந்திருப்பது தேரையா, தவளையா?

கோடை உழவுக்கு வரப்பை வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து உள்ளங்கை அளவில் ஒரு குண்டுத் தவளை வந்திருக்கிறது. விஷத் தேரை என்று பிள்ளைகள் கல்லெடுத்துவிட்டார்களாம். 'இது என்ன, அடிக்கலாமா?' என்று குந்தாரப்பள்ளி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அடிக்க வேண்டாம். அது தேரையாக இருக்க வாய்ப்புக் குறைவு; தேரையாகவே இருந்தாலும் அடிக்கத் தேவையில்லை.

பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. சில ஊர்களில் சுவரில் ஒட்டும் மரத்தவளையையும் தேரை என்பார்கள். எல்லையோரத்தில் தெலுங்கு பேசுகிறவர்களுக்கு எல்லாமே 'கப்ப', கன்னடத்தில் 'கப்பெ'. ஆகவே பெயரை விட்டுவிட்டு உடம்பைப் பார்ப்பதே நல்லது.

முதலில் கண்ணுக்குப் பின்னால் பாருங்கள். சொறித் தேரைக்கு அங்கே இரு பக்கமும் அவரைக்கொட்டை போலப் புடைத்த சுரப்பி இருக்கும். தலையில் கண்ணைச் சுற்றிக் கறுத்த விளிம்பு ஓடும். தோல் வறண்டு, முள்முள்ளாக இருக்கும். அந்தச் சுரப்பியை அழுத்தினால் பால் போன்ற நஞ்சு கசியும். நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளுவது இதனால்தான். கையில் பட்டால் கண்ணைத் தேய்க்காமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மற்றபடி அது எறும்பையும் கரையானையும் தின்று வாழ்கிற பிராணி. தென்னையில் கொட்டை சுருங்கினால் 'தேரை மோந்தது' என்பது வெறும் பேச்சு. மகரந்தச் சேர்க்கைக் குறைவு, போரான், சாம்பல் சத்துப் பற்றாக்குறை, ஈரியோபைட் சிலந்தி போன்றவைதான் காரணம்.

சுரப்பி இல்லையென்றால் அது தவளை. நம் பக்கத்தில் பெரிதாக வளர்பவை இரண்டு. ஒன்று காளைத் தவளை. 15 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். முதுகில் நீளவாக்கில் மடிப்புகள் இருக்கும். பலவற்றுக்கு நடு முதுகில் வெளிர் மஞ்சள் கோடும் உண்டு. மழை பிடித்ததும் ஆண் எலுமிச்சை மஞ்சளாகி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பை ஊதிக் கத்தும். மற்றொன்று ஜெர்டான் தவளை. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டான் 1853-ல் விவரித்தது. இது காளைத் தவளையைவிடச் சிறியது, குட்டையாகப் பருத்தது. இதைத்தான் அவசரத்தில் தேரை என்று நினைத்துவிடுகிறார்கள்.

இரண்டையும் நிறத்தால் பிரிக்க முடியாது, ஈர மண்ணிலும் காய்ந்த மண்ணிலும் நிறம் மாறித் தெரியும். பின்னங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உள் விரலின் அடியில் ஒரு முண்டு இருக்கும். காளைத் தவளைக்கு அது சிறியது, விரலைவிடக் குட்டை. ஜெர்டான் தவளைக்கோ மண்வெட்டி போலத் தட்டையாக, கெட்டியாக, ஏறக்குறைய விரல் நீளத்துக்கே நிற்கும். மண்ணைத் தோண்டும் கருவி அதுதான். விரலிடைச் சவ்வும் காளைத் தவளைக்கு நுனிவரை போகும், ஜெர்டான் தவளைக்கு முக்கால்வாசிதான். இரண்டு அங்குலமே உள்ள உருண்டையான வளைத் தவளைக்கும் மண்வெட்டி முண்டு உண்டு, ஆனால் சவ்வு மிகக் குறைவு.

ஒரு காலத்தில் காளைத் தவளையின் காலுக்காக ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் வெளிநாடு போனது. 1987-ல் அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று அதைவிட அருகில் இருக்கும் ஆபத்து மருந்தடிக்கும் டேங்கைக் கழுவி மழைக்குட்டையில் ஊற்றுவது. தலைப்பிரட்டை செவுளாலும் தோலாலும் சுவாசிக்கிறது. கழுவிய நீரே அதற்கு விஷம். டேங்கைக் குட்டையிலிருந்து தள்ளிக் கழுவுங்கள்.

வரப்பில் வெட்டுப்படாமல் தப்பிய தவளையை ஈரமான நிழலில் விட்டு, பக்கத்தில் மண்ணைத் தளர்த்திக் கொடுங்கள். மண்வெட்டிக் காலுள்ளதாக இருந்தால் பின்புறமாகவே தோண்டி உள்ளே இறங்கிவிடும்.