மாடிப்படியோடு நின்றுவிடும் சட்டம்

அமெரிக்காவில் டவுன்ஹவுஸ் எனப்படுபவை, பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். உள்ளே இரண்டு அல்லது மூன்று தளங்கள். பெரும்பாலும் கூடமும் சமையலறையும் கீழே, படுக்கையறைகள் மாடியில். சிலவற்றில் தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்தப் போய்விட, புழங்கும் இடமெல்லாம் மேலே ஏறிவிடும். லிஃப்ட் இல்லாத இப்படிப்பட்ட வீட்டில் சக்கர நாற்காலியில் இருப்பவர் எதுவரை போக முடிய வேண்டும் என்று ஒரே சட்டம் சொல்லிவிடுவதில்லை. வீட்டைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது, அது எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது.

அடிப்படை, 1968இல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டம். வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாட்டைத் தடுத்த இச்சட்டத்தில், 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது மாற்றுத்திறனாளிகள் சேர்க்கப்பட்டார்கள். புதிய கட்டடங்களுக்கான வடிவமைப்பு விதிகளும் அப்போதுதான் வந்தன. 1991 மார்ச் 13க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்படும், நான்கோ அதற்கு மேலோ வீடுகள் கொண்ட கட்டடங்களை அவை கட்டுப்படுத்தும். லிஃப்ட் இருந்தால் எல்லா வீடுகளும் விதிக்குள் வரும். இல்லையென்றால் தரைத்தள வீடுகள் மட்டும்.

விதிக்குள் வரும் வீடுகளுக்கு ஏழு கட்டாயங்கள் உண்டு. படியில்லாத பாதை வழியே அடையக்கூடிய வாசல். எல்லோரும் பயன்படுத்தத் தக்க பொது இடங்கள். சக்கர நாற்காலி நுழையும்படி ஏறத்தாழ 32 அங்குலம் திறக்கும் கதவுகள். வீட்டுக்குள் தடையின்றிச் செல்ல 36 அங்குல அகலப் பாதை. உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் உயரத்தில் மின்சுவிட்சுகள். பின்னாளில் கைப்பிடி பொருத்தினால் தாங்கும்படி வலுவூட்டிய குளியலறைச் சுவர். நாற்காலியைத் திருப்பி நகர்த்த இடமுள்ள சமையலறையும் குளியலறையும்.

பல தள டவுன்ஹவுஸ் இந்த ஏழிலிருந்தும் தப்பிவிடுகிறது. தரைத்தள வீடு என்றால் வீடு முழுவதுமே தரைத்தளத்தில் இருக்க வேண்டும் என்று மத்திய வீட்டுவசதித் துறை பொருள் கொண்டது. பாதி வீடு மாடியில் இருப்பதால் அது தரைத்தள வீடு ஆகாது. கட்டடத்தில் லிஃப்டும் இல்லை. ஆகவே விதி பொருந்தாது. நூறு டவுன்ஹவுஸ் கொண்ட வளாகத்தில் ஒவ்வொரு வாசலுக்கும் மூன்று படி வைத்தாலும் இச்சட்டத்தின்படி குற்றமில்லை. அந்த வளாகத்தில் விதிக்கு உட்பட்ட வீடு ஒன்றுகூட இல்லையென்றால், பொது இடங்களுக்கான கட்டாயமும் எழுவதில்லை.

விலக்குக்கு எல்லைகள் உண்டு. ஒரே தளத்தில் அமைந்த டவுன்ஹவுஸ்கள் நான்கு சேர்ந்து நின்றால் அவை விதிக்குள் வரும். இடையே தீத்தடுப்புச் சுவர் எழுப்பி, ஒவ்வொன்றும் தனிக் கட்டடம் என்று கணக்குக் காட்ட முடியாது; ஒட்டி நிற்கும் வரிசை முழுவதும் ஒரே கட்டடம்தான். வீட்டுக்குள்ளேயே தனி லிஃப்ட் வைத்துக் கட்டினால் விலக்கு போய்விடும். லிஃப்ட் உள்ள கட்டடத்தில் இரண்டு தள வீடு இருந்தால், லிஃப்ட் நிற்கும் தளமே அதன் நுழைவுத் தளமாக வேண்டும். புழங்கத்தக்க ஒரு கழிப்பறையும் அத்தளத்தில் இருக்க வேண்டும்.

பரவலாக அறியப்பட்ட 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் தனியார் வீடுகளின் உட்புறத்தைத் தொடுவதில்லை. வாடகை அலுவலகம்போல வெளியார் வந்துபோகும் இடங்களுக்கும், அரசு அமைப்புகள் நடத்தும் குடியிருப்புகளுக்கும்தான் அது பொருந்தும்.

மத்திய அரசின் நிதியுதவி இருந்தால் நிலைமை வேறு. 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவின்படி, ஐந்தோ அதற்கு மேலோ வீடுகள் கொண்ட புதிய திட்டங்களில் 5 சதவீதம், குறைந்தது ஒரு வீடு, உடல் அசைவில் சிரமம் உள்ளவர்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பார்வை அல்லது செவித்திறன் குறைந்தவர்களுக்காக மேலும் 2 சதவீதம் ஒதுக்க வேண்டும். டவுன்ஹவுஸ் என்பதற்காக இங்கே விலக்கு இல்லை. இதற்காகவே லிஃப்ட் வைக்க வேண்டும் என்றும் விதி வற்புறுத்தவில்லை. ஒதுக்கிய வீடுகளை ஒரே தளத்தில் கட்டிக் கணக்கை நிறைவு செய்யலாம்.

மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கலாம். கலிபோர்னியாவின் கட்டட விதி, 2005 ஜூலை 1 முதல் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் லிஃப்ட் இல்லாத பல தள வீடுகளையும் கட்டுப்படுத்துகிறது. மூன்றோ அதற்கு மேலோ வாடகை வீடுகள், அல்லது நான்கோ அதற்கு மேலோ சொந்த வீடுகள் உள்ள கட்டடங்களில் 10 சதவீதம், குறைந்தது ஒன்று, இதற்குள் வரும். அவற்றின் நுழைவுத் தளத்துக்குத் தடையற்ற பாதை வேண்டும். அத்தளத்தில் ஒரு கழிப்பறையாவது இருக்க வேண்டும். அங்குள்ள எல்லா அறைகளுக்கும் சக்கர நாற்காலி போக முடிய வேண்டும். மாடியைப் பற்றி விதி எதுவும் கேட்பதில்லை.

வீடு முழுவதையும் மாற்ற இயலாவிட்டாலும் வாசல் தளத்தையாவது திறந்துவிடலாம் என்ற இந்த எண்ணத்துக்குப் பின்னால் ஓர் இயக்கம் உண்டு. 1987இல் அட்லாண்டாவில் எலினார் ஸ்மித் தொடங்கிய ‘கான்கிரீட் சேஞ்ச்’ அமைப்பு மூன்றை மட்டும் கேட்டது: படியில்லாத ஒரு வாசல், அகலமான கதவுகள், வாசல் தளத்தில் ஒரு கழிப்பறை. அங்கே குடியிருப்பவர் மட்டுமல்ல, விருந்தாளியாக வருபவரும் உள்ளே வர முடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அட்லாண்டா நகரம் 1992இல், தன் உதவி பெறும் புதிய வீடுகளுக்கு இதை விதியாக்கியது. அரிசோனாவின் பீமா மாவட்டம் 2002இல் புதிய தனி வீடுகள் அனைத்துக்கும் விரித்தது.

இங்கிலாந்து இதையே நாடு முழுவதற்குமான விதியாக வைத்திருக்கிறது. 1999 முதல் புதிய வீடுகள், பல தள வரிசை வீடுகள் உட்பட, வாசல் தளத்தில் கழிப்பறையோடும் எளிதில் நுழையத்தக்க வாசலோடும் கட்டப்பட வேண்டும். 2015இல் இதற்கு மேல் இரண்டு படிநிலைகள் சேர்க்கப்பட்டன. உள்ளூர் நிர்வாகம் கேட்டால் மட்டுமே அவை கட்டாயம். முதலாவதில் மாடிப்படியின் அகலம் குறைந்தது 850 மில்லிமீட்டர்; பின்னாளில் படியோரமாக ஏறும் இருக்கை பொருத்த இடம் கிடைக்கும். இரண்டாவதில், தளத்தைத் துளைத்து ஏறும் சிறு லிஃப்டுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும்.

கட்டும்போது விதி பொருந்தாத அமெரிக்க டவுன்ஹவுஸிலும் வாடகைதாரருக்கு ஓர் உரிமை உண்டு. சாய்தளம், கைப்பிடி, படியோர இருக்கை போன்ற நியாயமான மாற்றங்களைச் செய்துகொள்ள வீட்டுக்காரர் அனுமதிக்க வேண்டும். தனியார் வீடானால் செலவு வாடகைதாரருடையது. மத்திய நிதி பெறும் வீடானால், தாங்க முடியாத சுமையாக இல்லாதவரை, உரிமையாளருடையது.