இறப்போரிடம் பாடம் கேட்ட வைத்தியர்கள்

1965ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் இறையியல் பயிலும் மாணவர் நால்வர், பல்கலைக்கழக வைத்தியசாலையின் மனநல வைத்தியர் ஒருவரைத் தேடி வந்தனர். அவர் சுவிற்சர்லாந்தில் பிறந்த எலிசபெத் கியூப்ளர் றோஸ் அம்மையார். மனித வாழ்வின் நெருக்கடிகள் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்த அம்மாணவர்கள் மரணத்தையே பொருளாகத் தெரிந்திருந்தனர். மரணத்தைப் பற்றி யாரிடம் அறிவது? இறந்துகொண்டிருப்போரிடமே கேட்போம் என்றார் அம்மையார்.

சொல்வது இலகு. அப்பெரிய வைத்தியசாலையில் விடுதி விடுதியாக அலைந்தும், சாகும் நிலையில் எமது விடுதியில் எவருமில்லை என்ற பதிலே பொறுப்பு வைத்தியர்களிடமிருந்து வந்தது. சிலர் கோபித்தும் கொண்டனர். ஒருவாறு கண்டுபிடித்த ஒரு முதியவர் அப்போதே பேச ஆவலாயிருந்தார். நாளை மாணவருடன் வருகிறேன் என்று சொல்லி அம்மையார் திரும்பினார். மறுநாள் முதியவரால் பேச இயலவில்லை. சிறிது நேரத்தில் இறந்தும் போனார். சாகக் கிடப்பவர் பேச விரும்பும் வேளையே பேசும் வேளை என்பது அக்குழு பெற்ற முதற் பாடம்.

பின்னர் இது வாராந்த வகுப்பாயிற்று. நோயாளியின் சம்மதம் பெற்று, ஒருபுறமிருந்து மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடிக்கு அப்பால் மாணவர் அமர்ந்திருப்பர். இப்பால் அவர் தமது வேதனையையும் கோபத்தையும் குடும்பத்தைப் பற்றிய கவலையையும் சொல்வார். அவர் விடுதிக்குத் திரும்பிய பின்னரே கலந்துரையாடல். அதிலே மாணவர் நோயாளியைப் பற்றி மட்டுமல்ல, கேட்டுக்கொண்டிருந்தபோது தமக்குள் எழுந்த பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். தாதியரும் சமூகசேவை ஊழியரும் நிறைய வந்தனர். வைத்தியர்கள்தான் தயங்கினர்!

200 நோயாளருக்கு மேல் பேசிய பேச்சுக்களிலிருந்து 1969இல் அம்மையாரின் நூல் வெளிவந்தது. அதில் வரும் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளையும் பலர் ஏணிப்படிகள்போல மனனம் செய்தது துரதிர்ஷ்டமே. எல்லாரும் அவ்வரிசையில் செல்வதில்லை என்பதை அவரே சொல்லியிருக்கிறார். படிகளை எண்ணிக்கொண்டிருப்பவரின் காதில் கட்டிலில் கிடப்பவரின் சொல் விழாது.

வைத்தியர்கள் ஏன் தயங்கினர்? அதே சிக்காகோவில் நடந்து 1961இல் வெளியான ஓர் ஆய்வில், பத்தில் ஏறக்குறைய ஒன்பது வைத்தியர்கள், புற்றுநோய் என்பதை நோயாளிக்குச் சொல்லாதிருப்பதையே விரும்பினர். 1979இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்விலே, 97 வீதமானோர் சொல்வதையே விரும்பினர். பெரும் மாற்றந்தான். ஆயினும் சொல்வது வேறு, கேட்பது வேறு. ஐந்து அமெரிக்க வைத்தியசாலைகளில் 9000க்கு மேற்பட்ட நோயாளரிடையே நடந்த ஆய்வொன்று 1995இல் வெளியாயிற்று. நின்ற இதயத்தை மீள இயக்கும் சிகிச்சை தமக்கு வேண்டாம் என்று விரும்பியோரின் விருப்பத்தை, அவர்களது வைத்தியர்களில் பாதிப்பேர்கூட அறிந்திருக்கவில்லை.

ஆகவே இன்று பல மருத்துவபீடங்களில் இதற்கெனப் பயிற்சி உண்டு. நோயாளியாக நடிப்பவர் ஒருவர் முன்னே மாணவர் துயரச் செய்தியைச் சொல்லிப் பழகுகிறார். 2000ஆம் ஆண்டு முதல் பரவிய ஆறுபடி முறை இதற்கு உதவுகிறது. முதலில் தனிமையான இடத்தில் கதிரையை இழுத்துப் போட்டு அமர வேண்டும். சொல்லுமுன், அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்க வேண்டும். பின் எளிய சொற்களில், சிறிது சிறிதாகச் சொல்ல வேண்டும். அவர் அழுதால் அழவிட வேண்டும். நல்ல முறைதான். ஆனால் மூத்த வைத்தியர் அக்கட்டிலைக் கடந்து விரைந்து போவதை மாணவர் தினமும் கண்டால், எந்தப் பாடம் மனதில் நிற்கும்?

வேதனை தீராதவரிடம் மனந்திறந்து பேசச் சொல்வதும் வீண். தாதியாகவும் சமூக ஊழியராகவும் இருந்து, நாற்பதை நெருங்கும் வயதில், 1957இல் வைத்தியரான இலண்டனின் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் இதனை நன்கறிந்தவர். வலி வரும்வரை காத்திராமல், நேரந் தவறாது மோர்பின் மருந்தை வாய்வழி கொடுக்கும் முறையை வலியுறுத்தினார். 1967இல் அவர் திறந்த புனித கிறிஸ்தோபர் இல்லம் பராமரிப்புடன் பயிற்சிக்கும் இடமாயிற்று.

எமது அயலிலும் ஓர் உதாரணம் உண்டு. கேரளத்தின் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் வைத்தியர்கள் இராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் இத்தகைய சேவையைத் தொடங்கினர். நடக்கமுடியாத நோயாளர் எப்படி வருவர்? சேவை வீடுகளுக்குப் போயிற்று. அங்கு பயிற்சிக்கு வரும் வைத்தியரும் தாதியுடனும் ஊர்த் தொண்டர்களுடனும் வாகனமேறிச் செல்கிறார். நோயாளியின் குடும்பத்துக்கு அரிசி கொடுப்பதும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவதும் அத்தொண்டர்களின் வேலைகளில் அடங்கும்.