திப்புவின் பறவையும் திண்டிவனத்துத் தராசும்

விழுப்புரத்தில் வசிக்கும் என் முன்னாள் மாணவி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் தம் மகளுக்கு ஒரு புரூச் செய்வித்தார். சேலைத் தலைப்பில் குத்திக்கொள்ளும் அந்த அணியின் வடிவம் ஹுமா பறவை. திப்பு சுல்தானின் அரியணை உச்சியில் இருந்த பறவையின் படத்தைப் பார்த்து உள்ளூர்ப் பத்தர் செய்து கொடுத்தார். உடலெங்கும் சிவப்பும் பச்சையுமாகக் கற்கள். பின்னர் பணத்தேவை வந்தபோது, திண்டிவனத்தில் ஒரு கடையில் அதை விற்கப் போனார். கல்லையும் அரக்கையும் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே விலை சொன்னார்கள். 'ஏன் சார் இப்படி?' என்று என்னிடம் கேட்டார்.

ஹுமா தரையில் இறங்காத பறவை என்பது பாரசீக மரபு. அதன் நிழல் விழுந்தவர் அரசராவார் என்பார்கள். மூன்றாம் மைசூர்ப் போரில் திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் கோட்டை வரை வந்து அதைக் கைப்பற்றிய திப்பு, 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். வென்ற படைக்குக் கொள்ளைப் பொருளைப் பங்கிடும் பொறுப்பில் இருந்த அதிகாரிகள், தங்கத் தகடு போர்த்திய அரியணையைத் துண்டு துண்டாக்கினார்கள். அதை முழுமையாக இங்கிலாந்துக்கு அனுப்ப விரும்பிய தலைமை ஆளுநர் வெல்லெஸ்லிக்கு இதில் வருத்தமே. தப்பிய ஹுமா இன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அரியணையைச் சுற்றியிருந்த எட்டுச் சிறு புலித்தலைகளில் ஒன்று நாட்டைவிட்டு வெளியேறாதபடி 2021இல் பிரிட்டன் அரசு தற்காலிகத் தடை விதித்தது. அதற்கு மதிப்பிட்ட விலை 15 லட்சம் பவுண்டு! மேலே தங்கமும் கற்களும். உள்ளே நம்மூர்க் கல் நகைகளில் இருக்கும் அதே அரக்கு. அங்கே யாரும் அரக்கின் எடையைக் கழிக்கவில்லை.

என் மாணவியின் புரூச் 12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் கல்லும் அரக்கும் 3 கிராம், தங்கம் 9 கிராம். செய்கூலி, சேதாரம் 15 விழுக்காடு. அதன் மேல் ஜிஎஸ்டி 3 விழுக்காடு. 9 கிராமுக்கு மட்டும் ரசீது போட்டிருந்தாலும், கல்லின் விலை நீங்கலாகவே, 10.7 கிராம் தங்கத்தின் விலையைக் கொடுத்திருப்பார். 12 கிராமையும் தங்கமாகக் கணக்கிட்டிருந்தால் அது 14.2 கிராம் ஆகிவிடும். விற்கும்போது கிடைப்பதோ 9 கிராமின் விலைதான். தங்கம் விலை ஏறும் ஆண்டுகளில் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதை வணிகரின் பேராசை என்று மட்டும் தள்ளிவிடுவது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. தங்கத்தின் விலை தினமும் நாளிதழில் வருகிறது. பத்தரின் வேலைப்பாட்டுக்கு அப்படி ஒரு விலை எங்கும் இல்லை. அந்தக் கல் கெம்பா, கண்ணாடியா என்று கடைக்காரருக்கும் உறுதியில்லை. அதே பறவையை விரும்பும் இன்னொருவர் திண்டிவனத்தில் கிடைப்பாரா? தெரியாத ஒன்றுக்குச் சந்தை சுழியத்தையே விலையாக வைக்கிறது. புலித்தலைக்கோ எங்கிருந்து வந்தது என்ற வரலாறு இருக்கிறது.

ஹால்மார்க் முத்திரை இந்தக் குறையைத் தீர்க்காது. அதில் உள்ள ஆறு இலக்க எண்ணெழுத்துக் குறியீடு தங்கத்தின் தூய்மைக்கே சான்று. கல்லுக்கும் கைவேலைக்கும் அல்ல. செய்த பத்தரின் பெயர் அதில் இல்லை. கல் பதித்த நகை வாங்குவோர் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றையும் ரசீதில் தனித்தனியே எழுதித் தரச் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த கல் என்றால் ஆய்வுக்கூடச் சான்றிதழும் கேட்கலாம். என் மாணவியிடம் இருந்தது கையால் எழுதிய துண்டுச் சீட்டு. அதில் 'பறவை பின் 1' என்றும் மொத்தத் தொகையும் மட்டுமே இருந்தன. புரூச்சை விற்காமல் அடகு வைத்திருக்கிறார்.